வெயிலைக் கூட்டி வருகிறவர்

வண்டியிலிருந்து அவர் ஒரு காலைத் தரையில் வைத்தாராம், கொட்டிக்கொண்டிருந்த பனி நின்றுவிட்டதாம். மறு காலையும் வைத்தாராம், மேகம் விலகிச் சூரியன் எட்டிப் பார்த்ததாம். மலையில் இருந்த அத்தனை பேரும் சறுக்குவதை நிறுத்திவிட்டு அவரையே முறைத்தார்களாம்.

ஹொரோனாய் மலையடிவாரத்தில் நூடுல்ஸ் கடை நடத்தும் பெண்மணி இதை நேரில் பார்த்தவரில்லை. பக்கத்து மலையில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற மச்சினர் சொன்ன தகவல். மச்சினருக்கும் யாரோ சொன்னதுதான். "ஆனா எங்க மச்சினர் கதை கட்டற ஆள் இல்லீங்க. அசாஹிகாவாக்காரராம். போட்டோ பிடிக்கறவராம். இந்தப் பக்கம் மட்டும் வந்துடக் கூடாதுன்னு தினமும் சாமி மாடத்துல கை தட்டிக் கும்பிடறேன்" என்றபடி கிண்ணத்தை எதிரே வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் உருண்டை முகம், உருண்டைக் கண்ணாடி, அறுபதை எட்டப் போகிற வயது. குச்சிகளில் தூக்கிய நூடுல்ஸை அந்தரத்தில் நிறுத்தி, கதையை முழுக்கக் கேட்டார். "அப்படியா? பயங்கரமான ஆளா இருப்பார் போலிருக்கே" என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய நண்பருக்குச் சாறு புரையேறியது. உருண்டை முகக்காரர் சாப்பிட்டு முடித்து, நன்றாக இருந்தது என்று சொல்லி, குனிந்து வணங்கி, கதவைத் தள்ளினார். காலையிலிருந்து இருட்டிக் கிடந்த கடைக்குள் வெயில் விழுந்து, ஊறுகாய்ச் சாடி வரைக்கும் போய் நின்றது. கடைக்காரம்மா வெயிலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அவர் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்தார்.

"மன்னிக்கணும்" என்றார்.

அவர்தான் ஹோன்மா யசுகாசு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரை வெயில்காரர் என்றோ மழைக்காரர் என்றோ ஒரு தடவை சொல்லிவிட்டால் அது இரத்த வகை மாதிரி. சாகும் வரைக்கும் மாறாது. ஹோன்மா பிறந்த அன்றைக்கே, வாரக்கணக்காக அடித்த பனிப்புயல் நின்று, மருத்துவச்சி நடந்தே வந்து சேர்ந்தாராம். பள்ளிக்கூடத்தில் அவர் காய்ச்சலில் படுத்த ஒரே ஒரு வருஷம்தான் விளையாட்டு விழா மழையில் நனைந்தது. தலைமை ஆசிரியரே வீட்டுக்கு வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாக வானத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

இதையே அவர் பிழைப்பாக்கிக்கொண்டார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் ஒண்ணும் பண்ணலையே!" என்பார். வாய் திறந்தால் இந்த வாக்கியம்தான். அசாஹிகாவா ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் அவருடைய ஸ்டுடியோ இருக்கிறது. படங்கள் சுமார்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்த பிள்ளையின் கால்கள் அழகாக விழுந்திருக்கும், தலை இருக்காது. கல்யாணக் கூட்டுப் படத்தில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். பல சமயம் மாப்பிள்ளை. ஆனாலும் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவைத்தால்தான் ஹோன்மா கிடைப்பார். பெண்ணின் அம்மாக்கள் கூச்சப்படாமல் சொல்வார்கள்: "படம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, ஹோன்மா-சான். நீங்க வந்து ஒரு மூலையில நின்னாப் போதும்."

ஒரு பாலர் பள்ளியில் உருளைக்கிழங்கு தோண்டும் நாளுக்கு அழைத்தார்கள். கேமராவைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வயல் ஓரத்தில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, உட்கார்த்தி வைத்தார்கள். இன்னொரு வருஷம் மழை பொய்த்தது. நெல் விவசாயிகள் கூடிப் பேசி, ரொம்ப நாளாக உழைக்கிறீர்கள், ஓய்வு வேண்டாமா என்று கேட்டு, அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒகினாவாவுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் விமானம் ஏறிய மாலையே இங்கே மழை. அங்கே கரையைத் தொட வந்த புயல் தைவான் பக்கம் திரும்பிவிட்டது. ஊர் திரும்பியவர் விவசாயிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி இனிப்பு வாங்கி வந்து, தைவானை நினைத்து ஒரு வாரம் தூங்காமல் கிடந்தார்.

மனைவி சிஸுருவுக்கு இந்த விஷயத்தில் உணர்ச்சியெல்லாம் கிடையாது. "என்னங்க, மெத்தையைக் காயப் போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க" என்பார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆசை எதில் இருக்க வேண்டும்? கடற்கரையில், நெல் வயலில், தேனீ வளர்ப்பில் இருந்திருக்கலாம். ஹோன்மாவுக்குப் பனியில். அதிலும் பொடிப்பனியில். ஊதினால் பறக்கிற, உள்ளே இறங்கினால் இடுப்பு வரைக்கும் வாங்கிக்கொண்டு புகையாகக் கிளம்புகிற அந்த உலர்ந்த பனிக்காகவே படகு மாதிரி அகலமான சறுக்குப் பலகைகள் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து அவற்றுக்கு மெழுகு தேய்ப்பார். அந்தப் பலகைகள் இதுவரை ஓடியது எல்லாம் வெயிலில் இளகிய கூழில், அல்லது ராத்திரி உறைந்து கண்ணாடியான கட்டியில். பொடிப்பனி முந்தின நாள் பெய்திருக்கும். அல்லது அடுத்த மலையில் பெய்துகொண்டிருக்கும். எந்த மலைக்குப் போனாலும் லிஃப்ட் ஓட்டுகிறவர் அவரிடம் சொல்லும் முதல் வார்த்தை: "அடடா, நேத்து வந்திருக்கணும்."

ஆகவே பொடிப்பனியை அவர் அறிந்தது படங்களில். மற்றவர்கள் எடுத்துவந்த படங்களை அவர்தான் பெரிதாக்கித் தருவார். வெள்ளைப் புகைக்குள் தொப்பியும் பல்லும் மட்டும் தெரியும் மனிதர்கள். ஓரங்களைச் சீராக்கி, உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டும்போது மெதுவாகக் கேட்பார்: "உள்ளே மூச்சு விட முடியுதா?" வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், பதிலுக்காக நிற்பார்.

மார்ச் மாதக் கடைசியில், பள்ளிகளில் பட்டமளிப்பு முடிந்து புது வகுப்புச் சேர்க்கை விழா தொடங்குவதற்கு முன்னால், அவருக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைக்கும். அப்போது மூன்று பேர் ஒரு வேனில் மலை மலையாகச் சுற்றுவார்கள். அடிவாரமெல்லாம் இளகிப் போயிருக்கும் காலம். ஆனால் சைபீரியாவிலிருந்து கடைசியாக ஒரு குளிர்காற்று கிளம்பி வந்தால், உயரமான மலைகளில் ஒரு நாள், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு நாள், நடுக்குளிர்காலப் பனி விழும். அதைத் துரத்திக்கொண்டு போவதுதான் பயணம்.

வேன் ஓட்டுவது தோகாஷி எமிகோ. பல் வைத்தியர், ஹோன்மாவைவிட மூன்று நான்கு வயது மூத்த பெண்மணி. வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளியிடம், பதில் வராது என்ற தைரியத்தில், காற்றழுத்த வரைபடத்தை விளக்குகிறவர். இன்னொருவர் நிவா. டோஃபு கடைக்காரர், ஹோன்மாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். நூடுல்ஸ் கடையில் புரையேறியது அவருக்குத்தான். பனியைப் பற்றிப் பேசினாலும் டோஃபுவாகத்தான் பேசுவார்.

ஹோன்மாவை ஏன் கூட்டிப் போகிறார்கள்? கூப்பிடாமல் இருக்க முடியாது, அதனால். ஒவ்வொரு மார்ச்சிலும் நிவா தொலைபேசியில் நாசூக்காக ஆரம்பிப்பார்: "உனக்கு இது வேலை நேரமாச்சேடா? கஷ்டம்தான் இல்ல?" ஹோன்மா சந்தோஷமாகச் சொல்வார்: "இல்லையே! இந்த வாரம் சும்மாதான் இருக்கேன்!" எதிர்முனையில் கொஞ்ச நேரம் சோயா அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த வருஷம் அந்தச் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. காரணம், தோகாஷியின் முழங்கால். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு சமமான சரிவில் மெதுவாகப் போகலாம், ஆழமான பனியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசாஹிகாவாவை விட்டு வெளியேறும்போது தோகாஷி அதைச் சொன்னார். "இதுதான் எனக்குக் கடைசிப் பொடி." சொல்லிவிட்டு, மழையோ பனியோ இல்லாத கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டார். நிவா பின்னாலிருந்து ஒரு பொரித்த டோஃபுவை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

வேனுக்குள் ஹோன்மாவுக்கென்று சட்டங்கள் உண்டு. கறுப்புக் கண்ணாடி அணியக் கூடாது. முகத்தில் வெயில் க்ரீம் பூசக் கூடாது. ஒரு தடவை விடிகாலையில் அவர் மூக்கில் அதைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து தோகாஷி வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "நீங்களே அதைக் கூப்பிடறீங்களே, ஹோன்மா-சான்!" கடைசி இருக்கையில், திரை மூடிய ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார வேண்டும். முன் கண்ணாடியில் பஞ்சுத்துணிப் பொம்மை ஒன்று தலைகீழாகத் தொங்கும். நாளைக்கு வெயில் வர வேண்டும் என்று பிள்ளைகள் ஜன்னலில் கட்டுவார்களே, அதே வெள்ளைப் பொம்மை. தலைகீழாகக் கட்டினால் எதிர்மாறு. தோகாஷி பல் வைத்தியத் துணியில் செய்தது. நிவா அதன் முகத்தில் உருண்டைக் கண்ணாடி வரைந்திருந்தார்.

ஹோன்மா அதை உற்றுப் பார்த்தார். "சாயல் நல்லா வந்திருக்கு" என்றார்.

முதல் மலையில் பளபளவென்று வெயில். பலகைகள் பனியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற சத்தம் போட்டன. "இது பனி இல்லடா, பட்டு டோஃபு. கரண்டி இருந்தாக் குடு, சோயா சாஸ் ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போயிடலாம்" என்றார் நிவா. இரண்டாவது மலைதான் ஹொரோனாய். விடிந்த பிறகும் பெய்துகொண்டிருந்தது, அவர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்குள் திரும்பியதும் நின்றது. மதியம் நூடுல்ஸ் கடையில் நடந்தது ஏற்கெனவே தெரியும். லிஃப்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஹோன்மா அவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் குழம்பிப் போய், தானும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார். உச்சிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மலையின் பெயர் ஷிரகாபா. ரயில்பாதை பக்கத்திலேயே ஓடும் கடைசி மலை. இதற்கு மேல் போனால் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்துவிடும். விடுதியில் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்ததும் தொலைக்காட்சியில் வானிலை வந்தது. வடமேற்கிலிருந்து குளிர்காற்று வருகிறது, நாளை காலை முதல் மலைப் பகுதிகளில் கடும் பனிப்பொழிவு என்றார் அறிவிப்பாளர். மூன்று பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் ஹோன்மாவைப் பார்த்தார்கள். ஹோன்மா ஊறுகாயைப் பார்த்தார்.

தோகாஷிதான் தொடங்கினார். "ஹோன்மா-சான், மலைக்கு அந்தப் பக்கம் கவாமுகின்னு ஒரு ஊர் இருக்கே. அங்க வெந்நீர் ஊற்று ரொம்ப விசேஷமாம். இடுப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"என் இடுப்பு நல்லாத்தானே இருக்கு?"

"இடுப்பு திடீர்னுதாண்டா பிடிச்சுக்கும்" என்றார் நிவா.

"எனக்கு ஒரு நாளும் பிடிச்சதில்லையே."

"அதான் சொல்றேன். இத்தனை வருஷம் பிடிக்காதவனுக்குத்தான் மொத்தமாப் பிடிக்கும்."

"அந்த ஊர்ல மியூசியம்கூட இருக்காம்" என்றார் தோகாஷி, தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி.

"அப்படியா? என்ன மியூசியம்?"

தோகாஷி நிவாவைப் பார்த்தார். நிவா மேஜையைப் பார்த்தார். மேஜையில் வறுத்த வெங்காயம் இருந்தது.

"வெங்காயம்" என்றார் நிவா.

"வெங்காயத்துக்கு மியூசியமா?"

"பழைய வெங்காயம்டா. அந்தக் காலத்து வெங்காயம்."

ஹோன்மாவுக்கு உடனே புரியவில்லை. அவர் வெங்காயத்தைப் பற்றி உண்மையாகவே இரண்டு கேள்விகள் கேட்டார். நிவா வியர்த்துக்கொண்டே பதில் சொன்னார். அப்புறம் மேஜையிலிருந்து விழுந்த துணியை எடுக்க ஹோன்மா குனிந்தபோது, தோகாஷியின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நாய்க்குட்டியைத் தடவிக்கொடுப்பது மாதிரி, ஒரே சீராக. நிமிர்ந்தவர் வெங்காயத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

காலையில் சாப்பிட வரும்போது ஹோன்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றார். நாடகத்தில் கிழவன் வேஷம் போட்ட பள்ளிப்பிள்ளை மாதிரி முனகினார்.

"ஐயோ பாவமே!" என்றார்கள் இருவரும். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்கள். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்.

தோகாஷிக்குள் இருந்த வைத்தியர் சும்மா இருக்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"இடது" என்றார் ஹோன்மா, வலது பக்கத்தைப் பிடித்தபடி.

"அது வலது."

"பரவுது."

சாமான் ஏற்ற உதவுகிறேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். வேனின் கூரையில் இரண்டு ஜோடிப் பலகைகள்தான் கட்டியிருந்தன. அவருடைய அகலப் பலகைகள், ஈரம் போகத் துடைக்கப்பட்டு, கீழே செய்தித்தாள் விரித்து, விடுதிச் சுவரில் மரியாதையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவருக்கு இடுப்புப் பிடிப்பதற்கு முன்னாலேயே யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். நிவாவின் காதுகள் சிவந்தன. "அது… ஈரமா இருந்துச்சு. துடைச்சு வெச்சேன்."

"ரொம்ப நன்றி. உனக்குத்தான் சிரமம்" என்றார் ஹோன்மா.

"சிரமம் என்னடா. உடம்பைப் பாத்துக்கோ."

"நீங்களும் பாத்துப் போங்க."

வேன் வளைவில் திரும்பும் வரைக்கும் அவர் குனிந்து வணங்கி நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்து நிவாவும் வணங்கிக்கொண்டே போனார். தோகாஷி கண்ணாடி வழியாகப் பார்த்தாரா என்பது தெரியவில்லை.

பிறகு கவலை தொடங்கியது. எவ்வளவு தூரம் போனால் போதும்? இதை யாரும் ஆராய்ந்து சொன்னதில்லை. விடுதியிலேயே இருந்தால் மலைக்கு ரொம்பப் பக்கம். ஊருக்கே திரும்பிவிட்டால் தோகாஷி மனம் கஷ்டப்படும். கடைசியில் மலைமுகட்டுக்கு மறுபுறம் இருக்கிற அந்தக் கவாமுகிக்கே போவது என்று ஒற்றைப் பெட்டி ரயிலில் ஏறினார். உட்கார்ந்த இருக்கையில் வெயில் விழுந்தது. எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்தார். பாதை வளைந்தது, வெயில் அங்கேயும் வந்தது. கூடையோடு ஏறிய ஒரு பெண்மணி, "உங்க பக்கம் நல்லா இதமா இருக்கே, உக்காரலாமா?" என்று கேட்டு அருகே அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஹோன்மா ஜன்னலில் நெற்றியை வைத்துப் பின்னால் பார்த்தார். ஷிரகாபாவின் உச்சியைக் காணோம். சாம்பல் நிற மேகம் அதைத் தோள் வரைக்கும் விழுங்கியிருந்தது. மேகத்தை இப்படித் தள்ளி நின்று பார்ப்பது அவருக்குப் புதிது. மற்றவர்களுடைய வேலையையும் சேர்த்து முடித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதியும், வயிற்றில் என்னவோ ஒரு பசியும் உண்டாயின.

கவாமுகியில் நல்ல வெயில். பால்கனிகளில் மெத்தைகள் காய்ந்தன. நிலையத்துக் கடையில் வெங்காய மியூசியத்துக்கு வழி கேட்டார். கடைக்காரப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்களே" என்றார். "தெரியும். சும்மா உறுதிப்படுத்திக்கிட்டேன்" என்று சொல்லி, குளியல் விடுதியை நோக்கி நடந்தார்.

அதன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நிவா அழைத்தார்.

"டேய் யசு! கொட்டுதுடா! கொட்டோ கொட்டுன்னு கொட்டுது! அரைச்ச சோயாச் சக்கையை வறுத்து, சலிச்சு, மேலேருந்து தூவற மாதிரி!"

"தோகாஷி-சான் எங்க?"

"காணோம்! இரு… அதோ, தொப்பி தெரியுது! சிரிக்கறாங்கடா, வாய் நிறையப் பனி! நீ எங்க இருக்கே?"

"கவாமுகில."

"அங்க எப்படி?"

"நல்ல வெயில்."

"அங்கேயே இரு! அசையாதே! உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன், மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதே!"

ஏதோ உரசல் சத்தம். இப்போது தோகாஷியின் குரல், மூச்சிரைப்போடு. "ஹோன்மா-சான், மேல வந்துடுங்க. மத்தியானம் பஸ் இருக்கு. உங்க பலகையை நாங்க போய் எடுத்துட்டு வந்து வெக்கறோம்."

"இல்லை, எனக்கு இடுப்பு…"

"உங்க இடுப்புல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். காலைலயே தெரியும். பலகையை இறக்கி வெக்கச் சொன்னது நிவா-சான் இல்லை, நான்தான். கீழ வந்து நின்னதும் திரும்பிப் பாத்தேன், நீங்க மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கணுமே அந்த இடத்துல, யாரும் இல்லை. நல்லாவே இல்லை."

"நான் வந்தா நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும். நான் ஒரு தடவை இறங்கிட்டேன்."

"வராதேடா!" என்று நிவா பின்னாலிருந்து கத்தினார். "ஒரு தடவை எப்படிப் போதும்? அவங்களுக்கு இனிமே கிடையாதுடா!"

"நீங்க சும்மா இருங்க! ஹோன்மா-சான், இன்னொரு தடவை மேல போயிட்டு வந்து கூப்பிடறேன். பஸ் கிளம்பறதுக்குள்ள வரேன் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்." இணைப்பு போய்விட்டது.

தொலைபேசியைத் துணிக்கூடையில் போட்டு, உடம்பைத் தேய்த்துக் கழுவி, ஹோன்மா வெளியே இருந்த கல் தொட்டியில் கழுத்து வரை இறங்கினார். வேறு யாரும் இல்லை. மேலே மேகமில்லாத வானம். பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தார். போனால் என்ன? பனி நிற்கும், மேகம் விலகும், தோகாஷி முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வார். அறுவை சிகிச்சை மேஜையில் படுக்கும்போது அவருக்கு நினைவிருக்கப் போவது அந்த வெயிலாக இருக்கும். போகாவிட்டால்? இன்னொரு முறை படத்தைப் பெரிதாக்கித் தரலாம். தொப்பியும் பல்லும். இந்தத் தடவை யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியிருக்காது, தோகாஷியே சொல்லுவார். ஆனால் அடுத்த வருஷம் வேனே கிளம்பாது. கூப்பிடவும் ஆள் இருக்காது, கூப்பிடாமல் இருக்கப் பார்க்கவும் ஆள் இருக்காது.

மூக்குக் கண்ணாடியில் ஏதோ விழுந்தது. ஆவி என்று நினைத்துத் துடைத்தார். மறுபடி விழுந்தது.

மலைமுகட்டைத் தாண்டி மேகத்தின் ஓரம் இந்தப் பக்கம் வழிந்து வந்திருந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு துகள் விழுந்து, கரையாமல், உருண்டு நின்றது. அதன் மேல் இன்னொன்று. ஹோன்மா முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார். தன்னைத் தவிர வேறு யாரோ வந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. வானம் அவரை வைத்துக்கொண்டே பெய்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அடர்த்தியாக, சத்தமே இல்லாமல். ஊசியிலை மரக் கிளைகள் வெளுத்தன. பாறை மேல் ஒரு விரல் உயரத்துக்கு ஏறியது. அவர் கன்னத்தைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்து அதன் மேல் மெல்ல ஊதினார். அது மாவு மாதிரி கிளம்பிப் பறந்தது. அவருடைய வழுக்கையிலும் அது விழுந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை எழவில்லை. மூச்சைக்கூடப் பங்கு போட்டு விட்டார்.

கண்ணாடிக் கதவைத் திறந்து பணியாளர் தலையை நீட்டினார். "ஐயா! உள்ளே கூடையில உங்க போன் அடிச்சிட்டே இருக்குங்க! தோகாஷின்னு பேர் தெரியுது. கொண்டு வரட்டுமா?"

"சத்தம் போடாதீங்க" என்று ஹோன்மா குசுகுசுத்தார்.

"அவசரமா இருக்கப் போகுதுங்க. ரெண்டாவது தடவை அடிக்குது."

"தயவுசெஞ்சு கதவைச் சாத்துங்க. மெதுவா."

பணியாளர் வானத்தைப் பார்த்தார், ஹோன்மாவைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அப்பால் மணி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பித்தது.

ஹோன்மா, கழுத்தைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி, தொட்டி ஓரத்தில் கிடந்த தண்ணீர் மொள்ளும் மஞ்சள் பிளாஸ்டிக் பேசினைத் தடவி எடுத்தார். வானம் தன்னைப் பார்த்துவிடாதபடி அதைத் தலையில் கவிழ்த்து, புருவம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். மோவாய் வரை நீருக்குள் இறங்கினார். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்க, பேசினுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் மெல்ல வெளியே வந்து, உள்ளங்கையை மேலே காட்டி விரிந்தது.